சங்குக்குள் கிடந்த மண்

சிப்பிமேட்டு மடத்தில் குருவை விடச் சீடருக்கு வயது கூடுதல். புதிதாக வருகிறவர்கள் மாசாணத்தின் காலில்தான் முதலில் விழுவார்கள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்து, "நான் இல்லய்யா, சாமி உள்ள இருக்காரு" என்பார்.

உள்ளேயிருந்து சாமி குரல் கொடுப்பார். "விழுந்தது விழுந்தாச்சு. ஆசீர்வாதத்தையும் அங்கயே வாங்கிக்கிடச் சொல்லும் வேய்."

மேடு என்றால் மலையில்லை, ஒரு தென்னை உயரம்தான். ஆனால் அதன் சரிவு முழுக்கச் சிப்பியும் சங்கும் புதைந்து கிடக்கும். கடல் இருப்பதோ கீழே, ஊரையும் தாண்டி. மேட்டில் நின்று பார்த்தால் முதலில் ஊரின் கூரைகள், அப்புறம் மணல், அப்புறம் தண்ணீர்.

மாசாணத்துக்கு மடத்தில் முக்கியமான வேலை ஒன்று இருந்தது. விடிவதற்கு முன்னால் மேட்டின் விளிம்பில் நின்று சங்கு ஊதுவது. சங்கு கேட்டதும் பூரணம் பால் கறக்க எழுவாள். இசக்கிமுத்து வலையைத் தோளில் போடுவார். தங்கக்கனி தன் டீக்கடையில் ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பார். கடிகாரம் வைத்திருந்த வீடுகளிலும் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருத்திக்கொண்டார்கள்.

மற்றதிலெல்லாம் மாசாணம் சுமார்தான். அவர் குழம்பில் உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. தியானத்துக்கு உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். சாமி பாடம் சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், என்ன சொன்னேன் என்று கேட்டால் விழிப்பார். சங்கு மட்டும் பிசகியதே இல்லை. அந்த ஒன்றில்தான் அவருக்குப் பெருமை, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்த வருஷம் புரட்டாசியில், கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் எஸ்தர் அம்மா வந்து மடத்தில் தங்கினார். பகல் முழுக்க மேட்டுச் சரிவை அளப்பார், சிப்பிகளைப் படம் பிடிப்பார். மத்தியானம் மடத்துப் பந்தியில் உட்கார்ந்து, உப்பில்லாத குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். சாமிக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

"கடல் அங்கன கிடக்கு. சிப்பி இங்கன கிடக்கு. யாரும்மா தூக்கிட்டு வந்தா?" என்று ஒரு நாள் சாமி கேட்டார்.

"யாரும் தூக்கிட்டு வரல சாமி. கடல்தான் இந்த மேடு வரைக்கும் நின்னுச்சு. ஆச்சு, லட்சம் வருஷத்துக்கும் மேல."

"அப்புறம் எங்க போச்சு?"

"பனியுகம் முத்திப்போச்சு. உலகத்துத் தண்ணியில நிறைய, துருவத்துப் பக்கம் பனியா உறைஞ்சிடுச்சு. கடல் ரொம்ப தூரம் உள்வாங்கிடுச்சு. பனி உருகினதும் திரும்பி வந்துச்சு, ஆனா இந்த மேடு வரைக்கும் ஏறல. இதுங்க இங்கயே தங்கிடுச்சு."

"அவ்வளவு காலம் ஓடு தாங்குமா?"

"எல்லா ஓடும் தாங்காது. மழைத்தண்ணி பட்டுப்பட்டு நிறைய ஓடு சுண்ணாம்பாக் கரைஞ்சிடும். ஆனா சங்கு செத்ததும் உள்ள சேறு போய் நிறையும் பாருங்க, அந்தச் சேறு இறுகிக் கல்லாயிடும். ஓடு போனாலும் அந்தக் கல்லு நிக்கும். சங்கோட உட்புறம் எப்படி வளைஞ்சு இருந்துச்சுன்னு நான் அந்தச் சேத்தைப் பாத்துத்தான் படிக்கிறேன்."

சாமி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அதை இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். எஸ்தர் அம்மா இன்னொரு தடவை சொன்னார்.

மாசாணம் அப்போது ரசம் எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தார். அவர் காதில் விழுந்தது லட்சம் வருஷம் என்பது மட்டும்தான். அதற்கே ரசத்தைக் கொஞ்சம் சிந்திவிட்டார்.

ஐப்பசி அடைமழையில் மாசாணத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது. மூச்சுதான் பழையபடி திரும்பவில்லை. டவுன் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே நீங்க சங்கு ஊதினீங்கன்னா, ஊர்ல உங்களுக்குச் சங்கு ஊதிடுவாங்க பெரியவரே" என்றார்.

சாமி சிரித்துவிட்டார். மாசாணம் சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்னதை அவர் கேட்கவும் இல்லை. மறுநாளே விளிம்பில் போய் நின்றார். மூன்று முறை நீளமாக ஊதுவது வழக்கம். முதல் ஊதல் பாதியில் அறுந்தது. இரண்டாவது வரவே இல்லை. இருமி இருமி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாமி செம்பில் வெந்நீர் கொண்டுவந்து, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"போதும் வேய். ஒரு நாள் நான் ஊதுதேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்கு வாய் இல்லியா?"

அடுத்த நாள் சாமி ஊதினார். கன்னம் இரண்டும் உப்பின, கண் பிதுங்கியது, சங்கிலிருந்து காற்று மட்டும் வந்தது. கடைசியில் வந்த சத்தத்தை எருமைக் கன்றுகூடத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாது. போர்வைக்குள் கிடந்த மாசாணம் சிரித்துச் சிரித்து மறுபடியும் இருமினார். பகலில் பால் கொண்டுவந்த பூரணம், "காலையில மேட்டுல என்னமோ கத்துச்சே சாமி, நரியா?" என்று கேட்டுவைத்தாள்.

அதன் பிறகு சாமி சங்கைத் தொடவில்லை. மாசாணம்தான் மறுபடியும் போய் நின்றார். ஒரு ஊதலாவது முழுதாக வந்துவிட்டால் போதும் என்று நிற்பார். வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அறுந்த சத்தம் ஊருக்குக் கேட்கத்தானே செய்யும்.

தங்கக்கனி ஒரு நாள் மேடேறி வந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காதிய சாமி. ஒரு மைக் செட்டு வாங்கிப் போட்டுருவோம். சங்குச் சத்தம் கேசட்டுலயே வருது. மாசாணம் அண்ணாச்சி பாவம், எதுக்கு நெஞ்சைப் பிடிச்சிட்டு நிக்கணும்? ஒரு பட்டனை அமுக்கினா போதும். அதையும் நம்ம கடையில இருந்து ஆள் வந்து அமுக்கிருவான்."

"மாசாணத்துகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்றார் சாமி.

மாசாணம் உள்ளே சங்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கக்கனி நல்ல மனுஷன். காய்ச்சலில் மருந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஆகவே அவர்மேல் கோபப்படவும் மாசாணத்துக்கு வழியில்லாமல் போயிற்று. துடைத்த சங்கையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மழை விட்ட ஒரு நாள், சரிவில் தண்ணீர் அரித்த இடத்தில் பெரிய சங்கு ஒன்றின் முதுகு தெரிந்தது. மாசாணம் அதைக் கையாலேயே தோண்டி எடுத்தார். நல்ல கனம். வாய் வரைக்கும் மண் இறுகி அடைத்திருந்தது.

சங்கு ஊதுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. சங்கு பழகப்பழகக் குறைந்த மூச்சுக்கே பேசும் என்பார்கள். புதுச் சங்கு ஆளை வதைக்கும், பழைய சங்கு வாயில் வைத்தாலே கூப்பிடும். மாசாணம் யோசித்துப் பார்த்தார். அவருடைய ஆயுசுக்குள் பழகின சங்குக்கே இந்தக் குணம் என்றால், லட்சம் வருஷத்துச் சங்குக்கு எவ்வளவு மூச்சு வேண்டியிருக்கும்? தன்னிடம் மிச்சம் இருக்கிற மூச்சே தாராளம் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே அடைத்திருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் போதும்.

அடுக்களைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓர் ஆணியையும் கருங்கல் துண்டையும் வைத்துக்கொண்டு மெல்லத் தட்டினார். அவர் தட்டியது மண்ணை. உதிர்ந்தது ஓடு.

மண் சிமெண்டுபோல் இறுகியிருந்தது. ஓடோ சுட்ட சுண்ணாம்பாகப் பொடிந்தது. பதறிப்போய் இன்னும் மெல்லத் தட்டினார். மெல்லத் தட்டினாலும் ஓடுதான் உதிர்ந்தது. வெயில் சாயும்போது அவர் மடி முழுக்க வெள்ளைத் தூள். கையில் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கல் மட்டும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு சாமியிடம் போனார்.

"என்ன வேய், வேட்டியெல்லாம் சுண்ணாம்பு? வெள்ளையடிக்கப் போனீரா?"

"சாமி, ஒரு பாவம் பண்ணிட்டேன்."

சொன்னார். குறைந்த மூச்சுக்குப் பேசும் சங்கு என்று தான் நினைத்ததையும் விடாமல் சொன்னார். சாமி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். கல்லை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் சுழியில் விரலை வைத்து அடியிலிருந்து நுனிவரை ஓட்டினார்.

"நல்லாத்தான் உடைச்சிருக்கீரு."

"கேலி பண்ணாதிய சாமி. லட்சம் வருஷம் கிடந்ததை ஒரு மத்தியானத்துல தூளாக்கிட்டேன்."

"கேலி இல்ல வேய். இது எங்கிட்ட இருக்கட்டும்." சாமி கல்லை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாசாணம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னும் என்ன?"

"நான் கோவில்பட்டிக்குப் போறேன் சாமி. தங்கச்சி மக ரொம்ப நாளாக் கூப்பிடுதா."

"எப்ப திரும்பி வருவீரு?"

"வரல."

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதுவும் போயிட்டு. மைக் செட்டு வரட்டும், தங்கக்கனி நல்லதுக்குத்தான் சொல்லுதாரு. அதுக்கப்புறம் இங்க உக்காந்து சோறு திங்க எனக்கு மனசு வராது."

"நீரு பொங்குத சோத்த நீரு திங்க வெக்கப்பட வேண்டாம். அதைத் திங்குதது எங்க தைரியம்."

மாசாணம் சிரிப்பார் என்று சாமி எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட இத்தனை காலம் இருந்து நான் ஒண்ணும் படிக்கல சாமி. உக்காந்தா தூங்கிருதேன். சொன்னா மறந்துருதேன். சங்கு ஊதுதேன், அதனால இங்க இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிடுவேன். இப்ப என்னத்தச் சொல்லித் தேத்த?"

சாமி பேசியபோது குரலில் கேலி இல்லை.

"நீரு போயிட்டா நான் யாருகூட வேய் சண்டை போடுவேன்?"

மாசாணத்துக்குக் கண் கலங்கியது. ஆனாலும் இருக்க முடியாது என்று தலையை ஆட்டினார்.

"சரி" என்றார் சாமி. "போகணும்னா போம். காலையில மொத பஸ்ஸுக்கே போம். அதுக்கு முன்ன, எப்பவும் சங்கு ஊதுத நேரத்துக்கு, எங்கூட விளிம்புல வந்து உக்காரணும். சங்கைத் தொடக்கூடாது."

"தொடக்கூடாதா? ஊரு எப்பிடி சாமி எந்திரிக்கும்? இசக்கிமுத்துக்கு ஒரு நாள் தொழில் போயிருமே. பூரணம் டவுனுக்கு அனுப்புத பால் நின்னுருமே."

"போனாப் போட்டும்."

"அறுந்து போனாலும் இத்தன நாளும் என்னமோ ஒரு சத்தம் கேட்டுச்சு சாமி. ஒண்ணுமே கேக்காட்டி..."

"உக்காரணும். தொடக்கூடாது. அவ்வளவுதான்."

இருட்டு பிரியும் முன் இருவரும் விளிம்பில் போய் உட்கார்ந்தார்கள். மாசாணத்தின் பக்கத்தில் துணி மூட்டை ஒன்று. மூட்டைக்குள் கையை விட்டு, சாமி சங்கை வெளியே எடுத்தார்.

"தொடக்கூடாதுன்னேனே."

"கையோட வந்துட்டு சாமி."

சாமி சங்கைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கீழே ஊர் இருட்டாகக் கிடந்தது. அலைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

கரைக்காற்று எழுந்தது. கடிகாரம் பார்க்காமல் மாசாணம் நேரம் அறிவது அந்தக் காற்றை வைத்துத்தான். அவர் கை தானாகச் சங்கைத் தேடிப் போனது. சாமி அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நேரமாச்சு சாமி."

"ஆகட்டும்."

"ஒரே ஒரு தடவை ஊதிருதேன்."

"சும்மா இரும்."

மாசாணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊரையே பார்த்தார். இசக்கிமுத்து தூங்குவார். பூரணம் தூங்குவாள். ஊர் முழுக்கத் தன்னால் கெட்டது என்று நினைத்தார்.

பூரணத்தின் வீட்டில் விளக்கு எரிந்தது. அவள் கன்றுக்குட்டியை ஏசும் சத்தம் மேடுவரை கேட்டது. அந்தப் பக்கம் இசக்கிமுத்து செருமிக்கொண்டே கதவைத் திறந்தார். டீக்கடையில் ஸ்டவ் இரையத் தொடங்கியது. பிறகு இன்னொரு விளக்கு, அதற்குப் பக்கத்து வீட்டில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் கூரைகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் வெளிச்சம் தெரிந்தது.

மாசாணத்தின் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

"பாத்தியளா சாமி."

"பாத்தேன்."

"ஒருத்தரும் பிந்தல."

"பிந்தல."

"சங்கே ஊதல. அவங்கபாட்டுக்கு எந்திரிச்சிட்டாங்க."

"ஆமா. தங்கக்கனிகிட்டச் சொல்லிரணும், மைக் செட்டு வேண்டாம்னு."

"நானும் வேண்டாம்தான சாமி. நான் ஊதித்தான் ஊரு முழிக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். எங்கம்மா செத்த அன்னைக்குக்கூட, இங்கன நின்னு ஊதிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். எல்லாம் சும்மாதானா?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாமி அவர் கையை விடவில்லை. அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கிழக்கே வெளுத்து, கை ரேகை தெரிய ஆரம்பித்தது. சாமி இடுப்பிலிருந்து கல்லை எடுத்து மாசாணத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்ன வேய்?"

"நான் உடைச்ச சங்கு."

"இதுல சங்கு எங்க இருக்கு? அதான் தூளாப் போச்சே."

"அப்ப மண்ணு."

"நல்லாத் தடவிப் பாரும்."

மாசாணம் கட்டைவிரலால் தடவினார். கல் அடியில் பருத்து, சுற்றிச் சுற்றி ஏறி, நுனியில் ஒடுங்கியது. எங்கும் ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. அது சங்கின் உள்வளைவு. இத்தனை வருஷம் தன் மூச்சு நுழைந்து வெளியேறின வழி. அதை அவர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"மண்ணுக்குச் சுழி தெரியுமா?" என்று சாமி கேட்டார்.

"தெரியாது சாமி."

"பின்ன எப்பிடி இப்பிடி நிக்கு?"

"சங்குக்குள்ள கிடந்துச்சு." மாசாணம் கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப காலம் கிடந்துச்சு சாமி."

கீழே பூரணம் பால் செம்போடு வாசலுக்கு வந்தாள். தெருவில் இறங்கும் முன், என்றும்போல் ஒருமுறை தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தாள். அவள் பார்த்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

சாமி அவளைத் தாடையால் காட்டினார்.

"அப்ப பூரணம் எதுக்குள்ள வேய் கிடந்தா?"

மாசாணம் சாமி மடியில் இருந்த சங்கைப் பார்த்தார். கல்லை மூடிய கையோடு ஊரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோவில்பட்டி பஸ் டீக்கடை முன்னால் வந்து நின்று, ஹாரன் அடித்து, ஆளில்லாமல் கிளம்பிப் போயிற்று.